சீப்பு முதல் பூட்டு வரை

சேசு மரி சூசை துணை

சாக்கோட்டை
18.7.1993

அன்பு மருமகள் பெல்சிக்கு மாமா பிலவேந்திரன் எழுதுவது. இங்கே நானும் உன் அத்தை பவுலினும் ஆறு கோழிகளும் சுகம். உன் உடம்பு எப்படி இருக்கிறது, சென்னைத் தண்ணீர் ஒத்துக்கொண்டதா என்று எழுது.

இதுதான் நான் எழுதும் முதல் கடிதம். அறுபத்து நான்கு வயதில் முதல் கடிதம் போட வந்தவன் நான் ஒருவன்தான் என்று தபாலாபீசில் சொன்னார்கள். பெருமையாக இருந்தது. போன வருஷம் அறிவொளி வகுப்பில் நீ கரும்பலகையில் ‘பி’ என்று எழுதி, “மாமா, இதுதான் நீங்க” என்றாய். எனக்கு அன்றைக்குக் கோபம். மேலே ஒரு கொக்கி, கீழே இரண்டு சுவர். இத்தனை வருஷம் உழைத்தவன் இவ்வளவுதானா என்று நினைத்தேன். இப்போது அந்த ‘பி’யைப் பார்த்தால் சொந்தக்காரனைப் பார்த்தது போல இருக்கிறது.

உன் வீட்டுக்காரன் அருண் ஜோசப் சிங்கப்பூரிலிருந்து கடைக்குப் போன் போட்டான். பெல்சிக்கு நானே கடிதம் எழுதுகிறேன் என்றேன். “யாருப்பா எழுதித் தாராக?” என்று கேட்கிறான்.

வெள்ளிக்கிழமை ‘அன்பு மருமகள்’ எழுதினேன். சனிக்கிழமை கோழி வரை வந்தேன். இன்று ஞாயிறு. உன் அத்தை, “என்னத்த மூணு நாளா எழுதுறீக, நெலப் பத்திரமா?” என்கிறாள். அவள் உனக்கு முக்கியமாக ஒன்று சொல்லச் சொன்னாள். அது என்னவென்றால் இடம்


சென்னை
2.8.1993

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும் பெல்சி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். தண்ணீர் ஒத்துக்கொண்டது, சாம்பார்தான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அத்தையின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

உங்கள் கடிதத்தை விடுதியில் எல்லோருக்கும் காட்டினேன். இன்லண்டு தாளில் கடைசி ஓரம் வரை எழுதி, ‘இடம்’ என்ற சொல்லோடு இடம் தீர்ந்துபோயிருந்தது. அத்தை என்ன சொன்னார்கள் என்று தெரியாமல் இரண்டு நாள் தவித்தேன். அடுத்த முறை வெள்ளைத் தாளில் எழுதிக் கவரில் போடுங்கள்.

நான் என்ன படிக்கிறேன் என்று ஊரில் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள். காலையில் வரலாறு, மதியம் கலை வரலாறு. இரண்டு கட்டடத்துக்கும் நடுவில் ஒரு மைதானம். வரலாற்றுத் துறையில் முத்துராமன் சார், “ஏடு எங்கே? எழுத்து எங்கே? எழுத்தில் இல்லாததை நான் நம்ப மாட்டேன்” என்பார். மைதானத்தைத் தாண்டினால் கல்யாணசுந்தரி அம்மா. “எழுத்தை மூடி வைத்துவிட்டுச் சிற்பத்தைப் பார். பார்க்கத் தெரியாதவள் படித்து என்ன?” என்பார். வெயிலில் அந்த மைதானத்தைக் கடப்பதற்குள் நான் ஆளே மாற வேண்டும்.

இரண்டையும் சேர்த்துப் படிக்க எனக்கு விசேஷ அனுமதி தந்திருக்கிறார்கள். ஒரு நிபந்தனை உண்டு. வரும் பிப்ரவரியில் நான் ஓர் ஆய்வுக் கட்டுரை வாசிக்க வேண்டும். அதை இரண்டு துறையும் ஏற்க வேண்டும். ஏற்காவிட்டால் ஒன்றை விட்டுவிட வேண்டியதுதான். எனக்கு முன்னால் முயன்ற இரண்டு பேரும் விட்டிருக்கிறார்கள். நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வருஷம்தான் விடுப்பு. மறுபடி முயல வருஷம் கிடையாது.

ஒன்றை விடச் சொன்னால் எதை விடுவேன் என்று எனக்கே தெரியவில்லை. அதனால் விடாமல் இருப்பதற்கு வழி தேடுகிறேன்.

அத்தை சொன்னதை மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
பெல்சி


சேசு மரி சூசை துணை

சாக்கோட்டை
29.8.1993

அன்பு மருமகளுக்கு மாமா எழுதுவது. நாங்கள் சுகம். கோழி ஐந்துதான் இருக்கிறது, ஒன்றைக் கீரி பிடித்தது. அத்தையின் முழங்காலுக்கு எண்ணெய் போடுகிறோம்.

அவள் சொல்லச் சொன்னது: தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்ட வேண்டும். இதற்காக நீ இரண்டு நாள் தவித்தாய் என்று படித்துக் காட்டினேன். “இருக்கட்டும், முக்கியந்தானே” என்றாள்.

நான் கண்ணில் பட்டதையெல்லாம் படிக்கிறேன். முப்பது வருஷமாகச் சாயத்தைப் பார்த்து ஏறிய பஸ்ஸில் இப்போது பெயரைப் பார்த்து ஏறுகிறேன். எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் இரண்டு பஸ் போய்விட்டது. காரைக்குடி பஸ் நிலையத்தில் ஒரு சுவரில் ‘இங்கே எச்சில் துப்பாதீர்’ என்று இருந்தது. படித்து முடிப்பதற்குள் துப்பிவிட்டேன்.

ஒரு வேடிக்கை கேள். நம் ரேஷன் கார்டை எடுத்துப் படித்தேன். அதில் என் பெயர் ‘பிலவேந்திரம்’ என்று இருக்கிறது. உன் அத்தைக்கு என்னைவிட ஐந்து வயது கூடுதல் என்று போட்டிருக்கிறது. எத்தனையோ வருஷமாக இந்தக் கார்டில்தான் அரிசி வாங்குகிறோம். உன் அத்தையிடம் சொன்னேன். “அப்ப நான் சொன்னா நீங்க கேக்கணும், மூத்தவ” என்கிறாள். ஆகையால் உன் முத்துராமன் சாரிடம் சொல், எழுத்தில் இருப்பதெல்லாம் நிஜம் என்று நம்பிவிட வேண்டாம்.

அந்த அம்மா சொல்வது எனக்குப் புரிகிறது. நான் அறுபத்து மூன்று வருஷம் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்த ஆள். ஆனால் அவரிடமும் சொல், எழுத்துத் தெரிந்த பிறகு பார்ப்பது வேறு மாதிரி இருக்கிறது. நீ இரண்டையும் விடாதே.

கை வலிக்கிறது. நிறுத்துகிறேன். இன்னும் அரைப் பக்கம் இடம் இருக்கிறது என்பதைக் கவனி.

மாமா
பிலவேந்திரன்


சென்னை
10.10.1993

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும் வணக்கம். நான் நலம். தலையை நன்றாகத் துவட்டுகிறேன்.

வழி கிடைத்துவிட்டது மாமா. அதுவும் நம் ஊர் வழி. கல்யாணசுந்தரி அம்மாவின் துறைக் கூடத்தில் ஒரு தேக்கு நிலை இருக்கிறது. கோட்டையூரில் ஒரு பெரிய வீட்டின் முகப்பு வாசல் நிலை. வீட்டைப் பிரித்தபோது யாரோ வாங்கிச் சென்னையில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் வருஷக்கணக்காகப் போட்டிருந்தார்கள். வாங்கியவரின் வாரிசுகள் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்க, ஆறு வருஷம் முன்பு இங்கே ஆட்களை வைத்து நிறுத்தியிருக்கிறார்கள். மேலே சூரியப்பலகை, இரண்டு பக்கமும் கிளி செதுக்கிய பலகைகள். மொத்தம் பதினொரு துண்டு.

அதிசயம் பின்பக்கத்தில் இருக்கிறது. ஒவ்வொரு துண்டின் முதுகிலும் உளியால் கீறிய ஒரு குறி. பதினொரு துண்டு, பதினொரு குறி. எந்தப் புத்தகத்திலும் இதைப் பற்றி இல்லை. பதினொரு தச்சர் கூட்டங்கள் சேர்ந்து செய்த நிலை, ஒவ்வொரு கூட்டமும் தன் அடையாளத்தைப் போட்டிருக்கிறது என்பது அம்மாவின் கருத்து. ஒரு கட்டுரையும் எழுதியிருக்கிறார். மழைக்கோடு ஒரு கூட்டம், சூலம் ஒரு கூட்டம், உடுக்கை ஒரு கூட்டம், கோயில் மணி ஒரு கூட்டம். மழைக்கோடுகளில் நடுவில் இரண்டு கோடுகள் இல்லை. அந்த இடைவெளிக்கு ஒரு பொருள் இருந்தே ஆக வேண்டும் என்கிறார். ஒரு துண்டில் சிலுவை இருக்கிறது. அதை மட்டும் யாராலும் விளக்க முடியவில்லை.

குறி என்பது ஒரு வகை எழுத்துதானே. அப்படியானால் முத்துராமன் சாரும் மறுக்க முடியாது. இதுதான் என் ஆய்வு.

தனித் தாளில் பதினொன்றையும் வரைந்திருக்கிறேன். நீங்கள் பழைய வீட்டுச் சாமான்களை லாரியில் ஏற்றும் வேலை பார்த்தவர். இந்தக் குறிகளை எங்காவது பார்த்திருக்கிறீர்களா? எந்த ஊர்த் தச்சர்கள் போடுவார்கள்? தெரிந்ததை எழுதுங்கள். உடனே எழுதுங்கள்.

அன்புடன்,
பெல்சி


சேசு மரி சூசை துணை

சாக்கோட்டை
7.11.1993

அன்பு மருமகளுக்கு மாமா எழுதுவது. சுகம். உன் சுகம் அறிய ஆவல்.

இங்கே நல்ல மழை. கண்மாய் நிரம்பிவிட்டது. தங்கச்சாமி வயலில் நாற்று முழுகிக் கிடக்கிறது. அறிவொளி வகுப்பை இப்போது ரோகிணி நடத்துகிறாள். உன்னைப் போலக் கண்டிப்பு இல்லை. சோணை ‘ற’வுக்கும் ‘ர’வுக்கும் வித்தியாசம் கிடையாது என்று வாதாடி ஜெயித்துவிட்டான்.

கல்லறைத் திருநாளுக்குப் போய் வந்தோம். என் அப்பாவின் கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று இந்த வருஷம்தான் படித்தேன். பெயர் சரியாக இருக்கிறது.

நீ வரைந்து அனுப்பிய தாள் வந்தது. கண்ணாடி மாற்ற வேண்டும், சரியாகத் தெரியவில்லை. உன் அத்தை அதை வாங்கி நெடுநேரம் பார்த்தாள். “இது என்னங்க, சீப்பா?” என்றாள். நான் மடித்து பைபிளுக்குள் வைத்துவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மாமா


சென்னை
28.11.1993

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும் வணக்கம். கண்ணாடியை மாற்றினீர்களா? தள்ளிப்போடாதீர்கள்.

நல்ல செய்தி. தலைப்பை இரண்டு துறையும் ஏற்றுக்கொண்டன. முத்துராமன் சார், “எழுத்துக்குப் பங்காளி என்று ஒத்துக்கொள்கிறேன், எழுத்து என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்” என்று சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். பிப்ரவரி 18 அன்று எல்லோர் முன்னிலும் வாசிக்க வேண்டும். ஐம்பது பக்கம் எழுதிவிட்டேன். மைதானத்தை இப்போது நான் ஓடிக் கடக்கிறேன்.

குறிகளைப் பார்த்த ஞாபகம் இல்லையென்றால் பரவாயில்லை மாமா. நிலையை முன்பக்கமிருந்து எடுத்த படத்தை வைத்திருக்கிறேன். அத்தைக்குக் காட்டுங்கள். கிளிகளைப் பாருங்கள். மற்ற நிலைகளில் எல்லாம் கிளிகள் ஒன்றையொன்று பார்க்கும். இதில் மட்டும் முதுகு காட்டி நிற்கின்றன. வேறெங்கும் இல்லாத அமைப்பு என்று அம்மா சொல்கிறார். பின்பக்கக் குறி இடது கைப் பலகையில் பனைமரம், வலது கைப் பலகையில் அலை.

அன்புடன்,
பெல்சி


சேசு மரி சூசை துணை

சாக்கோட்டை
2.1.1994

அன்பு மருமகளுக்குப் புது வருஷ ஆசீர். நாங்கள் இருக்கிறோம். கண்ணாடி மாற்றியாயிற்று.

ஒன்று கேட்கிறேன். கிளிகள் நிஜமாகவே முதுகு காட்டித்தான் நிற்கின்றனவா? படம் கழுவுகிற கடையில் திருப்பிப் போட்டிருப்பார்களோ?

மாமா


சென்னை
12.1.1994

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும் வணக்கம். பொங்கல் வாழ்த்து.

உங்கள் கடிதம் இவ்வளவு சிறியதாக வந்ததே இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? மறைக்காமல் எழுதுங்கள்.

படத்தைத் திருப்பினாலும் முதுகு முதுகுதான் மாமா. நான் தினமும் நேரில் பார்க்கிறேன். அந்த வீட்டு ஆண்கள் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் வருஷக்கணக்கில் போனவர்கள். பெண்கள் இங்கே காத்திருந்தவர்கள். அந்தப் பிரிவைத்தான் தச்சர் கிளிகளில் காட்டியிருக்கிறார் என்று அம்மா சொன்னார். நான் அதை எழுத உட்கார்ந்தபோது உங்கள் மகனை நினைத்துக்கொண்டேன். எட்டுப் பக்கம் நிற்காமல் வந்தது. என் கட்டுரையிலேயே அந்த எட்டுப் பக்கம்தான் நன்றாக இருக்கிறது.

இன்னும் ஐந்து வாரம். செபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

பெல்சி


சேசு மரி சூசை துணை

சாக்கோட்டை
30.1.1994

அன்பு மருமகள் பெல்சிக்கு மாமா பிலவேந்திரன் எழுதுவது. எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. இந்தக் கடிதத்தை ஒன்பது நாளாக எழுதுகிறேன். முதலில் சிலேட்டில் எழுதி அழித்துப் பிறகு தாளில் எழுதுகிறேன்.

அது மழைக்கோடு இல்லை. சீப்பு. உன் அத்தையின் சீப்பு.

நான் லாரியில் சாமான் ஏற்றினேன் என்றுதான் உன்னிடம் சொல்லியிருக்கிறேன். அது பாதி. நான் வீடு பிரிக்கிற ஆள். புரோக்கர் பெரியகருப்பனிடம் இருபத்திரண்டு வருஷம் பிரித்தேன். நீ பழைய வீடு என்றால் கும்பிடுகிற பெண். என் மருமகளிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

பிரிக்கிற துண்டுக்கெல்லாம் கணக்குப்பிள்ளை தாரில் நம்பர் போடுவார். எனக்கு நம்பர் தெரியாது. ஒரு முறை தப்பாக மாட்டி நாலு பேர் முன்னால் ஏச்சு வாங்கினேன். மறுநாளிலிருந்து நானே ஒரு குறி வைத்துக்கொண்டேன். சுண்ணாம்பில் போட்டால் மழையில் அழியும் என்று உளியால் கீறினேன்.

என்ன குறி என்று கேள். காலையில் வீட்டிலிருந்து சைக்கிளில் காரைக்குடிக் கிட்டங்கிக்குப் போகும்போது என்னென்ன கண்ணில் படுமோ அது. புறப்படும்போது உன் அத்தை வாசலில் தலைவாரிக்கொண்டிருப்பாள், அது சீப்பு. வாசலைத் தாண்டினால் கோழிக்கால். சூலம் இல்லை. அப்புறம் கோயில் சிலுவை. அப்புறம் கிணற்று ராட்டு. கண்மாய்க்கு அலை. பனைமரம். மாட்டுத் தாவணிக்குக் கொம்பு. சைக்கிள் கடைக்குச் சக்கரம். பலசரக்குக் கடைக்குத் தராசு. உடுக்கை என்று எழுதினாயே, அது டீக்கடைக் கிளாஸ். கோயில் மணி என்றாயே, அது கிட்டங்கிப் பூட்டு. சீப்பு முதல் துண்டு, பூட்டு கடைசித் துண்டு. மனசுக்குள் ஒரு தடவை சைக்கிள் மிதித்தால் நிலை தானாக நின்றுவிடும்.

சீப்பில் நடுவே இரண்டு பல் இல்லை, பார்த்தபடி கீறினேன். வேறு பொருள் கிடையாது.

உன் தாளைப் பார்த்த உடனேயே தெரிந்துவிட்டது. சொன்னால் உன் படிப்பு போய்விடும் என்று சொல்லவில்லை. சொல்லாமலே இருந்துவிடலாம் என்றுதான் இருந்தேன். யாருக்கு நஷ்டம் என்று நினைத்தேன். ஆனால் கிளி என்னை விடவில்லை.

என் வழியில் கண்மாய் இடது கைப்பக்கம், பனை வலது கைப்பக்கம். அலை போட்ட பலகை இடது, பனை போட்டது வலது. நிறுத்தினவர்கள் மாற்றி அடித்துவிட்டார்கள். அதனால்தான் முதுகு. அந்த வீட்டைப் பிரித்தது அறுபத்தெட்டில். அந்த வீட்டு ஆச்சி கடைசிவரை பக்கத்தில் நின்றார்கள். நான் கிளிப் பலகையைக் கழற்றும்போது, “பாத்துப் பிரிங்கப்பா. ரெண்டும் ஒண்ண ஒண்ணு பாத்துக்கிட்டே இருந்துச்சுக” என்றார்கள். “எங்க போனாலும் பாத்துக்கிட்டேதான் இருக்கும் ஆச்சி” என்று நான் சொல்லியிருக்கிறேன்.

உன் எட்டுப் பக்கத்தை நான் கெடுத்துவிட்டேன். அந்த எட்டுப் பக்கத்துக்காகத்தான் ஒன்பது நாள் ஆயிற்று.

இதைப் படித்துவிட்டு நீ கிழித்துப் போட்டாலும் சரி. தெரிந்தவன் நான் ஒருவன்தான். உன் அத்தைக்கு இன்னும் தெரியாது. நீ என்ன முடிவு செய்தாலும் நான் வாய் திறக்க மாட்டேன்.

உன் மாமா
பிலவேந்திரன்


சேசு மரி சூசை துணை

சாக்கோட்டை
26.2.1994

அன்பு மருமகளுக்கு. நாங்கள் சுகம். உன்னிடமிருந்து கடிதம் இல்லை. 18ஆம் தேதி பூசை வைத்தோம். என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. தபால்காரர் சேவுகப்பெருமாள் என்னைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்காமலே தலையை ஆட்டிவிட்டுப் போகிறார்.

உன் அத்தையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். “அந்தப் புள்ள வாயில மண்ணப் போட்டுட்டு இப்ப வந்து எங்கிட்டச் சொல்றீகளா?” என்றாள். அவள் என்னோடு பேசவில்லை. நீயும் எழுதவில்லை. படிக்கக் கற்றுக்கொண்டும் படிப்பதற்கு ஒன்றும் இல்லை.

கோபமாக இருந்தால் கோபமாகவே எழுது.

மாமா


சென்னை
13.3.1994

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும் பெல்சி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம்.

கோபமாகத்தான் இருந்தேன். உண்மையைச் சொன்னதற்கு இல்லை. அக்டோபரில் தெரிந்ததை ஜனவரியில் சொன்னதற்கு. அந்த மூன்று மாதத்தில் எழுபது பக்கம் எழுதியிருந்தேன் மாமா. வகுப்பில் தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள் என்று உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். தெரிந்ததைத் தெரியும் என்று சொல்லச் சொல்லிக்கொடுக்க மறந்துவிட்டேன். வீடு பிரித்ததை நீங்கள் மறைத்ததும் எனக்கு வலித்தது. நான் அவ்வளவு பொல்லாத மருமகளா?

உங்கள் கடிதத்தை ஒரு வாரம் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். கிழித்துப் போட நினைத்ததும் உண்டு. நீங்களே வழி சொல்லிக் கொடுத்திருந்தீர்களே.

18ஆம் தேதி கூட்டத்துக்குக் கட்டுரையை எடுத்துப் போகவில்லை. உங்கள் கடிதத்தை எடுத்துப் போனேன். சொல் மாற்றாமல் முழுதும் வாசித்தேன். டீக்கடைக் கிளாஸ் வந்ததும் பின்வரிசையில் சிரித்தார்கள். ஆச்சி வந்ததும் நிறுத்திவிட்டார்கள். கல்யாணசுந்தரி அம்மா எழுந்து வெளியே போய்விட்டார். குறிகளைப் பற்றிய அவருடைய கட்டுரை வேறு நாட்டில்கூட அச்சாகியிருக்கிறது. பத்து நாள் என்னோடு பேசவில்லை.

முத்துராமன் சார் கடிதத்தைக் கேட்டு வாங்கினார். தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். சில எழுத்துகள் வரியை விட்டு இறங்கியிருப்பதைக்கூடக் கவனித்தார். “ஏடு எங்கே ஏடு எங்கே என்று கேட்டேன் இல்லையா, இதோ இருக்கிறது. தேதி, ஊர், கையெழுத்து எல்லாம் இருக்கிறது” என்றார். நான் உங்கள் ரேஷன் கார்டு கதையைச் சொன்னேன். “அப்படியானால் இதையும் சரிபார்க்க வேண்டும். எப்படிச் சரிபார்ப்பாய்?” என்று கேட்டார். “நிலையைப் பிரித்துக் கடிதத்தில் உள்ள வரிசைப்படி மாட்டிப் பார்த்தால் தெரியும்” என்றேன்.

பதினோராம் நாள் கூடத்துக்குப் போனேன். அம்மா நிலைக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைத் திரும்பிப் பார்க்காமல், “ஆறு வருஷமா பாத்துக்கிட்டு இருக்கேன். ஆணி அடிச்ச ஓட்டை ரெண்டு ரெண்டா இருக்கு, இடம் மாத்தி அடிச்ச மாதிரி. அதைக்கூடப் பாக்கலையே நான்” என்றார். பிறகு, “உங்க மாமனார் வருவாரா?” என்று கேட்டார்.

கடிதத்தின்படி நிலை நின்றால் புதிய கட்டுரை எழுத ஜூன் வரை அவகாசம் தருவார்கள், இரண்டு பாடத்தையும் தொடரலாம். நிற்காவிட்டால் ஒன்றை விட வேண்டும். ஏப்ரல் 16 சனிக்கிழமை. வருவீர்களா மாமா?

அத்தை, அவரோடு பேசுங்கள். கோபப்பட வேண்டியவள் நான். நானே பேசிவிட்டேன்.

பெல்சி


சேசு மரி சூசை துணை

சாக்கோட்டை
24.4.1994

அன்பு மருமகள் பெல்சிக்கு மாமா எழுதுவது. நாங்கள் நல்லபடியாக ஊர் வந்து சேர்ந்தோம். ரயிலில் ஒவ்வொரு ஸ்டேஷன் பெயரையும் உன் அத்தைக்குப் படித்துக் காட்டிக்கொண்டு வந்தேன். விழுப்புரம் தாண்டியதும் “வாய மூடிக்கிட்டு வாரீகளா?” என்று தூங்கிவிட்டாள். கோழிகளைப் பக்கத்து வீட்டு நாச்சியார் பார்த்துக்கொண்டாள். இப்போது ஏழு.

அங்கே எல்லோர் முன்னிலும் என்னால் சரியாகப் பேச முடியவில்லை. கை வேலை செய்யும்போது எனக்கு வாய் ஓடாது. ஆகையால் எழுதுகிறேன்.

பலகையைக் கழற்றும்போது நான் கண்ணை மூடி நின்றதை நீ பார்த்திருப்பாய். வயசு என்று நினைத்திருப்பாய். நான் மறந்திருந்தால் உன் படிப்பு என்ன ஆகும் என்ற பயம். மனசுக்குள் ஒரு தடவை சைக்கிள் மிதித்தேன். தராசு வரைக்கும் வந்து, அடுத்தது கிளாஸா பூட்டா என்று ஒரு நிமிஷம் தடுமாறினேன். டீ குடிக்காமல் நான் எந்த நாளும் கிட்டங்கியைத் திறந்ததில்லை என்று ஞாபகம் வந்தது. அப்புறம் தடுமாறவில்லை.

கிளிப் பலகைகளை மாட்டியதும், அலகும் அலகும் நேருக்கு நேர் வந்து நின்றதல்லவா? அந்த அம்மா கிட்டே போய் இரண்டு அலகுக்கும் நடுவில் கையை நீட்டிக் காற்றைத் தொட்டுப் பார்த்தார். முத்துராமன் சார் என் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு குறியாகச் சரிபார்த்து டிக் அடித்தார். என் கடிதத்துக்குப் பதினொன்றுக்குப் பதினொன்று. நீ வகுப்பில் எனக்குப் பத்துக்கு ஏழுதான் போட்டாய்.

உன் அத்தை நிலையின் பின்னால் போய் நின்று சீப்பைத் தடவிப் பார்த்தாள். “ரெண்டு பல்லு போனத ஊருக்கெல்லாம் காட்டிப்புட்டீகளே” என்றாள். “ஊரே மழைன்னு சொல்லிக்கிட்டு இருந்துச்சு, நாந்தான் உன் சீப்புன்னு சொன்னேன்” என்றேன். அவள் சிரித்ததை நீதான் பார்க்கவில்லை. ரயிலில்கூட ஒரு தடவை தானாகச் சிரித்தாள்.

உன் எட்டுப் பக்கத்தைத் தூக்கிப் போடாதே. கிளிகள் முதுகு காட்டி நின்றது ஆறு வருஷம். அந்த ஆறு வருஷத்துக்கு அது சரியாகத்தான் இருக்கும். அருண் ஜோசப் கிறிஸ்மஸுக்கு லீவு சொல்லிவிட்டானாம்.

கல்யாணசுந்தரி அம்மா என்னை அழைத்து, சுவரில் மாட்டுகிற சீட்டில் என் பெயரை என் கையாலேயே எழுதச் சொன்னார் அல்லவா? நான் எழுதி முடிக்கும்வரை இரண்டு துறைக்காரர்களும் நின்றுகொண்டே இருந்தார்கள். ‘பி’யின் கொக்கியை மட்டும் கொஞ்சம் பெரிதாகப் போட்டுவிட்டேன். ‘ன்’ போட்டு முடித்தேன், ‘ம்’ இல்லை.

இன்னும் ஒன்று, உனக்குத் தெரியாதது. நீ எல்லோருக்கும் டீ வாங்கப் போயிருந்தபோது, சூரியப்பலகையைப் பிடிக்கிற பழைய ஆப்பு ஒடிந்துபோய்விட்டது. அங்கே கிடந்த தேக்குத் துண்டைச் சீவிப் புது ஆப்பு அடித்தேன். பழைய ஆப்புக்கு நான் குறி போட்டதில்லை, இதையும் சேர்த்தால் நிலையில் பன்னிரண்டு துண்டு. பன்னிரண்டாவதற்கும் குறி வேண்டும். என் வழி பூட்டோடு முடிந்துவிட்டது, அதற்கு மேல் என்னிடம் படம் இல்லை. ஆகையால் எழுத்துப் போட்டேன். யார் கண்ணுக்கும் தெரியாமல் ஆப்பின் உள்பக்கம் ‘பெ’ என்று கீறி, அடித்து இறக்கிவிட்டேன்.

நூறு வருஷம் கழித்து எவளாவது இரண்டு பாடம் படிக்க வந்து, அதைப் பிரித்துப் பார்த்து, இது எந்தத் தச்சர் கூட்டம் என்று தலையைப் பிய்த்துக்கொள்ளட்டும்.

வெயில் கடுமையாக இருக்கிறது. மைதானத்தைக் கடக்கும்போது தலைக்குத் துணி போட்டுக்கொள். இதை உன் அத்தை சொல்லச் சொன்னாள். இந்த முறை இடம் இருக்கிறது.

உன் மாமா
பிலவேந்திரன்